உரியே சிறப்பு: மிகுபுனைவுப் பாத்திர விளையாட்டின் தரம் பற்றியதொரு மறுப்புரை

முன்னுரை

தமிழ்நாட்டிற்கு வெளியே உள்ள பல்கலைக்கழகத் தமிழ்த்துறை ஒன்றில், முனைவர் பட்ட ஆய்வுத் தலைப்புகளைத் தேரும் கூட்டத்தில் சில ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த ஒன்றை முதற்கண் குறிப்பிடுதல் பொருந்தும். மாணவர் ஒருவர், கணினியில் ஆடப்பெறும் மிகுபுனைவு விளையாட்டுகளின் கூற்று முறையைத் தொல்காப்பியச் செய்யுளியல் உறுப்புகளைக் கொண்டு ஆராய விரும்புவதாகத் தெரிவித்தார். குழுவில் இருந்த மூத்த பேராசிரியர் ஒருவர், விளையாட்டில் வென்றான், தோற்றான் என்பதற்கு மேல் ஆராய என்ன இருக்கிறது என்று வினவினார். தலைப்பு ஏற்கப்பெறவில்லை. கூட்டம் முடிந்து வெளியே வந்த மாணவருக்கு அவர்தம் நண்பர்கள் ஆறுதல் கூறினர்: 'நூறு மணி நேரம் ஆடினாலும் முடியாத உலகம், புல்லின் நுனி அசைவது வரை தெரியும் வரைகலை, இவர்களுக்கு அதன் அருமை எங்கே தெரியப் போகிறது?'

இவ்விரு கூற்றுகளும் ஒன்றற்கொன்று மாறானவை போலத் தோன்றும். ஊன்றி நோக்கின் இரண்டும் ஒரே பிழையின் இரு முகங்கள் என்பது புலனாகும். இகழ்ந்தவரும் விளையாட்டின் புறத்தையே கண்டார்; புகழ்ந்தவர்களும் அதன் புறத்தையே கண்டனர். அகத்தே நிகழ்வதை இருசாராரும் காணவில்லை. மாணவரின் நெறியாளன் என்ற முறையில் அக்கூட்டத்தில் இக்கட்டுரையாளனும் இருந்தான்; விடை கூறாது வாளா இருந்தான். அன்று கூறியிருக்க வேண்டிய விடையே இக்கட்டுரை.

மிகுபுனைவுப் பாத்திர விளையாட்டு ஒன்றைச் சிறந்தது எனச் செய்வது அதன் நிலப்பரப்பும் அன்று. அதில் நிறைந்துள்ள அரக்கரும் படைக்கலங்களும் அல்ல. திரைப்படத்தை ஒத்த கதையோட்டமும் அன்று. ஆடுபவர் தாமே தேர்ந்து செய்த செயலின் பயனைத் தாமே சுமக்கும்படி அமைத்தலே அதன் சிறப்பு என்பது இக்கட்டுரையின் துணிபு.

1. எல்லை வரையறை

பாத்திர விளையாட்டு என்பது, ஆடுநர் ஒரு கற்பனை மாந்தரின் நிலையை ஏற்று, அம்மாந்தருக்காகப் பேசியும் செயற்பட்டும் முடிவெடுத்தும் கதையை நடத்திச் செல்லும் விளையாட்டு வகை. இதன் இன்றைய வடிவுக்கு மூலமாகக் கருதப்பெறுவது, அமெரிக்க நாட்டில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இருவரால் ஆக்கப்பெற்று 1974ஆம் ஆண்டு வெளிவந்த 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் மேசை விளையாட்டாகும். அதற்குக் கணினி வேண்டியதில்லை. நால்வர் ஐவர் ஒருங்கமர்ந்து, ஒருவர் நிகழ்வைச் சொல்ல, ஏனையோர் தத்தம் பாத்திரம் யாது செய்யும் என வாயால் உரைத்து, ஐயத்திற்கு இடமான செயல்களின் முடிவைப் பகடை உருட்டி அறிவர். அதாவது, இவ்வகை விளையாட்டு பிறப்பிலேயே கூற்றும் கேட்போரும் கொண்டது. வாய்மொழிக் கதைசொல்லலின் ஒரு வடிவம். கணினி பின்னர் வந்து, கதை சொல்பவரின் இடத்தையும் பகடையின் இடத்தையும் எடுத்துக்கொண்டது.

மிகுபுனைவு என்பதனால் ஈண்டுக் குறிக்கப்பெறுவது, இயற்கை இறந்த நிகழ்ச்சிகளுக்கு இடந்தந்து, தனக்கென வரலாறும் சமயமும் நிலவரைவும் உடைய உலகைப் படைத்துக்கொள்ளும் புனைவு. இவ்விரண்டும் இணைந்த விளையாட்டுகளே இக்கட்டுரையின் எல்லை. பந்தாட்டம், ஊர்திப் பந்தயம், துப்பாக்கிச் சூடு ஆகியன பற்றிய விளையாட்டுகள் இவ்வெல்லைக்குள் வாரா.

மதிப்பீட்டு அளவுகோலாகத் தொல்காப்பிய அகத்திணையியலின் முப்பொருட் பாகுபாடு கொள்ளப்பெறுகின்றது. நிலமும் பொழுதும் முதற்பொருள். தெய்வம், உணா, மா, மரம், புள் முதலியன கருப்பொருள். மாந்தர்தம் ஒழுக்கம் உரிப்பொருள். பாடலுள் பயிலுமிடத்து இம்மூன்றும் முறையே சிறப்புடையன என்பது தொல்காப்பியர் கருத்து. முதலினும் கருவும், கருவினும் உரியும் சிறந்தன என உரைவழி இதனைப் பொருள்கொள்வர். அகப்பாடலுக்கு வகுத்த இலக்கணத்தை அயல்நாட்டு விளையாட்டின் மேல் ஏற்றுதல் தகுமோ எனின், அவ்விளையாட்டுகள் தொல்காப்பியத்தினின்று கிளைத்தன என்பது ஈண்டு வாதமன்று. நம் கையில் உள்ள அளவுகோல் நன்கு அளக்கின்றதா என்பதே வினா. அளக்கின்றது என்பதைப் பின்வரும் பகுதிகள் காட்டும்.

2. முதற்பொருள்: பரப்பு பெருமை ஆகாது

விளையாட்டின் உலகம் பெரிதெனில் விளையாட்டும் பெரிது என்பது விற்பனையாளர் வழக்கு. விமரிசனம் எழுதுவோர் பலரும் இதனை அப்படியே ஏற்று வழிமொழிகின்றனர். இக்கூற்றைச் சோதித்தறிய, ஒரே நிறுவனம் ஒரே வரிசையில் அடுத்தடுத்து வெளியிட்ட இரு படைப்புகள் நமக்குக் கிடைத்துள்ளன.

பெதஸ்தா நிறுவனத்தின் 'எல்டர் ஸ்க்ரோல்ஸ்' வரிசையில் 1996இல் வந்த 'டாகர்ஃபால்', பெரிய பிரித்தன் தீவின் பரப்பை ஒத்தது எனக் கூறப்பட்டது. ஆயிரக்கணக்கான ஊர்கள் அதில் உண்டு. அவற்றுள் பெரும்பாலானவற்றை மனிதர் வடிக்கவில்லை. கணிப்பு விதிகளின்படி கணினியே அடுக்கியது. ஆகவே ஓர் ஊருக்கும் மற்றோர் ஊருக்கும் பெயரன்றி வேறுபாடு காண்டல் அரிது. அங்குள்ள மாந்தரைப் பத்து ஊர்களில் வினவினும் ஒரே வகை விடையே கிடைக்கும்.

2002இல் வந்த 'மாரோவிண்ட்' அதனை நோக்க மிகச் சிறிது. வார்டன்ஃபெல் என்னும் ஒரு தீவே அதன் களம். ஆயின் அத்தீவின் குன்றும் கல்லறையும் குடிசையும் ஆக்கியோர் கையால் இடம்பெற்றவை. செல்லுமிடத்தைக் காட்டும் அம்புக்குறி திரையில் இல்லை. ஊரார் வாய்மொழியாகச் சொல்லும் வழியைக் கேட்டு, ஆற்றின் இடக்கரை, இரண்டாம் பாலம், வடக்கே பிரியும் ஒற்றையடிப் பாதை என நினைவிற் கொண்டே நடத்தல் வேண்டும். வழி தவறுதலும் உண்டு. அதனால் அந்நிலம் ஆடுநர் நெஞ்சில் பதிகின்றது.

இதனினும் இன்றியமையாதது அவ்வுலகின் வரலாறு அமைந்துள்ள முறை. நெரெவர் என்னும் தலைவன் செம்மலைப் போரின்பின் எவ்வாறு இறந்தான் என்பதே கதையின் முடிச்சு. கோயில் மரபு ஒன்று சொல்லும். கோயிலை ஏலாத நாடோடிக் குடியினரின் மரபு, அவன் தன் நம்பிக்கைக்குரியோராலேயே கொல்லப்பட்டான் என்னும். அந்நிகழ்வில் பங்குகொண்ட வைவெக் என்னும் வாழும் தெய்வம் வேறொன்று கூறும். எது மெய் என்று விளையாட்டு தீர்ப்பளிப்பதில்லை. ஆடுநர் நூல்களைத் தேடிப் படித்து, கூற்றுகளை ஒப்பிட்டு, யார் எதன் பொருட்டு இதனைச் சொல்கின்றார் எனத் தாமே ஆராய்தல் வேண்டும். பாடவேறுபாடுகளிடையே வாழ்நாளைக் கழிக்கும் நம் துறையினர்க்கு இப்பணி புதிதன்று. அந்நெரெவரின் மறுபிறப்பு எனப்படுபவர் ஆடுநரே ஆதலின், எந்தப் பாடத்தை நம்புகின்றார் என்பது தாம் யார் என்பதைத் தீர்மானிப்பதாகவும் ஆகின்றது.

ஆகவே, 'டாகர்ஃபா'லில் நிலம் மிகுந்தது. 'மாரோவிண்'டில் நிலம் பொருள் பெற்றது. பரப்பளவால் தரம் கணிக்கப்பெறுமாயின் முன்னதே சிறந்ததாதல் வேண்டும். ஆடினோர் எவரும் எளிதில் அங்ஙனம் சொல்லார்.

3. கருப்பொருள்: கலனும் எண்ணும்

படைக்கலங்களின் எண்ணிக்கை, அரக்கர் வகை, மந்திரங்களின் தொகை, பாத்திரத்தின் வலிமையைக் காட்டும் எண்கள் ஆகியவற்றை விரித்துரைப்பதும் விமரிசன வழக்கமாக உள்ளது. இவை வேண்டாவென்பதன்று. கருப்பொருள் இன்றி உலகம் உயிர்பெறாது. எண்கள் ஏறுவதைக் கண்டு மகிழ்தலும் இயல்பே. ஆயின் இன்பம் அத்துடன் நிற்குமாயின் அது கணக்குப்பேரேட்டின் இன்பம்; கலையின்பம் அன்று.

வரைகலையின் நிலையும் இதுவே. 2015இல் டோபி ஃபாக்ஸ் என்பவர் பெரும்பாலும் தனியொருவராகவே ஆக்கிய 'அண்டர்டேல்' மிக எளிய படங்களால் ஆயது. முப்பது ஆண்டுகளுக்கு முந்தைய கருவியில் ஓடியது போன்ற தோற்றம் உடையது. எதிர்ப்படும் ஒவ்வோர் உயிரையும் கொல்லலாம். கொல்லாது பேசியும் பொறுத்தும் விடுத்தும் கடக்கலாம். எவரையும் கொல்லாமலே முடிவை அடையும் வழியும் அதில் உண்டு. உலகெங்கும் இலட்சக்கணக்கானோர் உள்ளத்தை அது தொட்டதற்கு வரைகலை காரணமாதல் இயலாது. பட நுணுக்கம் ஈராண்டில் பழமையடையும். இதனை விற்பவர்களே அறிவர், அடுத்த ஆண்டு மீண்டும் விற்க வேண்டுமாதலின்.

4. உரிப்பொருள்: செயலும் அதன் சுமையும்

இனி உரிப்பொருள். விளையாட்டிற்கு உரியது ஒழுக்கம். அவ்வொழுக்கத்தை நிகழ்த்துபவர் ஆடுநரே. நாவலில் தலைவன் பொய் சொன்னால் நாம் வருந்துகின்றோம். விளையாட்டில் பொய் சொன்னவர் நாம். இவ்வேறுபாட்டை உணர்ந்து பயன்கொண்ட மூன்று படைப்புகளைக் காண்போம்.

முதலாவது, ரிச்சர்ட் கேரியட் 1985இல் வெளியிட்ட 'அல்டிமா 4'. அதற்கு முன்னர் இவ்வகை விளையாட்டுகளின் முடிவு பெரும்பாலும் ஒரு தீயோனை வெல்லுதலே. இதில் வெல்லப்பட வேண்டிய தீயோன் எவனும் இல்லை. வாய்மை, பரிவு, வீரம், நீதி, தியாகம், மானம், ஆன்மிகம், பணிவு என்னும் எட்டு அறங்களில் ஆடுநர் நிறைவு பெறுதலே குறிக்கோள். அந்நிறைவு பெற்றவரைக் குறிக்க இந்திய மரபினின்று 'அவதாரம்' என்னும் சொல் எடுத்தாளப்பெற்றுள்ளது. தொடக்கத்தில் குறி சொல்லும் நாடோடிப் பெண் ஒருத்தி வினாக்களைத் தொடுக்கின்றாள். எண்ணப்படாத பொற்கிழி ஒன்றை உரியவரிடம் சேர்க்கச் செல்லும் வழியில் இரவலன் ஒருவன் எதிர்ப்படின், கிழியை அப்படியே சேர்ப்பதா, ஒரு காசை அவனுக்கு ஈவதா என்பது அவற்றுள் ஒன்று. இங்கே ஒருபுறம் வாய்மை, மறுபுறம் பரிவு. இரண்டும் அறமே, ஒன்றைத் தேரின் மற்றொன்றைக் கைவிட வேண்டும்.

அவ்விளையாட்டில் மந்திரச் சரக்கு விற்கும் பார்வையற்ற வணிகர் உளர். விலையைக் கேட்டு, எத்தனை காசு கொடுக்கின்றோம் என ஆடுநரே எண்ணை இடவேண்டும். குறைத்துக் கொடுப்பின் அவ்வணிகருக்குத் தெரியாது. எச்சரிக்கையும் இல்லை, தண்டனையும் அப்போது இல்லை. ஆனால் வாய்மைக் கணக்கில் அது குறிக்கப்பெற்றிருக்கும். நெடுநேரம் கழித்து, தான் ஏன் நிறைவு பெறவில்லை என ஆடுநர் வியக்கும்போது அக்காசுகள் நினைவுக்கு வரும். மிக எளிய படங்களே திரையில் தோன்றிய காலத்தில் செய்யப்பட்டது இது.

இரண்டாவது, பிளாக் ஐல் நிறுவனத்தார் 1999இல் வெளியிட்ட 'பிளேன்ஸ்கேப்: டார்மென்ட்'. கிறிஸ் அவெலோன் இதன் தலைமை ஆக்குநர். ஏறத்தாழ 8 இலட்சம் சொற்கள் கொண்டது எனப்படும் இப்படைப்பில், வாளினும் வாய்மொழிக்கே வேலை மிகுதி. பிணக்கிடங்கு ஒன்றில் ஒருவன் கண்விழிக்கின்றான். அவனுக்குப் பெயரில்லை, நினைவில்லை, சாவுமில்லை. அகத்திணை மாந்தர் பெயர் சுட்டப்பெறாமையால் அவர்தம் ஒழுக்கம் எவர்க்கும் உரியதாதலை நாம் அறிவோம். இங்கும் பெயரின்மை அப்பணியையே செய்கின்றது: வெற்றிடத்தில் ஆடுநர் தம்மை வைக்கின்றார்.

அவன் பலமுறை இறந்து பலமுறை எழுந்தவன். முன்னைப் பிறவிகள் போன்ற அவ்வாழ்வுகளில் அவன் செய்தவற்றின் பயனைச் சுமந்தோர் அவனைச் சுற்றிலும் உளர். தன்னைக் காதலித்தவளைத் தன் நோக்கத்திற்குக் கருவியாக்கினான். அவள் ஆவியாய் அலைகின்றாள். டக்கோன் என்னும் வீரன் தன் சமயத்தில் ஐயுற்று நின்றபோது, அவனுக்கு மறைநூல் ஒன்றைத் தந்து ஆற்றுப்படுத்துவான் போன்று வாழ்நாள் அடிமையாக்கினான். அம்மறைநூலை இப்போது டக்கோனே ஆடுநருக்குக் கற்பிக்கின்றான். ஆசானாக இருப்பவன் அடிமை என்பதும், அவனை அடிமைசெய்தவன் தானே என்பதும் மெல்லத் தெரியவருகின்றன. ஒவ்வொரு முறை அவன் சாவினின்று எழும்போதும் அவனுக்கு மாறாக வேறோர் உயிர் பிரிகின்றது என்பது இறுதியில் வெளிப்படும். அதுவரை இறப்பைப் பொருட்படுத்தாது ஆடியவர்க்கு அச்செய்தி எவ்வாறு இருக்கும் என்பதை விளக்க வேண்டுவதில்லை.

இப்படைப்பின் உரையாடல்களில் கருதத்தக்க நுட்பம் ஒன்று உண்டு. சிலவிடங்களில் ஒரே தொடர் இருமுறை தரப்பெறும். ஒன்றன்முன் மெய் என்றும் மற்றொன்றன்முன் பொய் என்றும் குறிக்கப்பெற்றிருக்கும். 'உன்னைக் காப்பேன்' என்பது போன்ற ஒரு சொல்லைக் கருதிச் சொல்கின்றாரா, ஏமாற்றச் சொல்கின்றாரா என்பதை ஆடுநர் தேர்தல் வேண்டும். கேட்பவர்க்கு ஒலி ஒன்றே. சொல்லும் நெஞ்சுக்கு மட்டும் வேறுபாடு தெரியும். கூற்று, கேட்போர், முன்னம், எச்சம் எனச் செய்யுளுறுப்புகளைப் பயின்றோர் இதனைக் கண்டு கடந்து போதல் இயலுமா? மனிதன் இயல்பை மாற்றவல்லது யாது என ரேவல் என்னும் சூனியக்காரி வினவும் வினாவே இப்படைப்பின் உயிர்நாடி. அதற்கு ஒற்றைச் சரியான விடை இல்லை. இறுதி எதிரியையும் வாளின்றிச் சொல்லால் வெல்ல இயலும்.

மூன்றாவது, போலந்து நாட்டு சிடி புராஜெக்ட் ரெட் நிறுவனம் ஆந்த்ரே சப்கோவ்ஸ்கியின் புனைகதைகளைத் தழுவி 2015இல் வெளியிட்ட 'தி விட்சர் 3'. போரால் சீரழிந்த வேலென் என்னும் சதுப்புநிலத்தில், குடிவெறியில் மனைவியை அடித்துத் துன்புறுத்திய சிற்றரசன் ஒருவன், அவளையும் மகளையும் தேடித் தருமாறு கூலிக்கு அரக்கர்களைக் கொல்லும் தலைவனிடம் வேண்டுகின்றான். அத்தேடலின் இடையே, குன்றினடியில் மரவேர்களுள் சிறைப்பட்ட ஆவி ஒன்று, தன்னை விடுவித்தால் சதுப்புநில அனாதைக் குழந்தைகளைக் காப்பேன் என்கின்றது. அது மெய்யோ பொய்யோ அறியக் கூடவில்லை. விடுவித்தால் குழந்தைகள் பிழைப்பர்; ஆனால் அருகிலுள்ள சிற்றூர் அழியும், சிற்றரசன் மனைவி உருமாறி இறப்பாள், அவனும் தூக்கிட்டுக்கொள்வான். ஆவியைக் கொன்றால் குழந்தைகள் சூனியக்கிழவியர்க்கு இரையாவர். மனைவி சித்தங்கலங்கிய நிலையில் உயிரோடிருப்பாள். அவளைக் குணப்படுத்தக் கணவன் தொலைவிலுள்ள மலைநாட்டுக்கு அழைத்துச் செல்வான்.

இவ்விளைவுகளுள் எதுவும் தேரும் கணத்தில் காட்டப்பெறுவதில்லை. சில பின்னர்த்தான் வெளிப்படும். நன்மை செய்தமைக்குப் புள்ளிகளும் இல்லை. தீயவன் ஒருவனிடம் இரக்கம் கொள்ளுமாறும், கொண்ட இரக்கத்தைக் குறித்து நாணுமாறும் ஆடுநர் நிறுத்தப்படுகின்றார். இவ்விளையாட்டின் நிலப்பரப்பும் பெரிது, வரைகலையும் அழகுடையது. எனினும் ஆடியோர் நினைவிற் கொண்டு பேசுவது அச்சிற்றரசனைப் பற்றியே.

5. மறுப்புகளும் விடைகளும்

இவ்வாதத்திற்கு எழக்கூடிய மறுப்புகளுள் மூன்று வலியன.

ஒன்று: விளையாட்டில் நிலையைச் சேமித்துவைத்து, வேண்டாத விளைவு நேரின் மீண்டும் பின்சென்று மாற்றிக்கொள்ளலாமே, அச்செயலுக்குச் சுமை ஏது என்பது. இது உண்மையான இடர்ப்பாடு. ஆயின் சிறந்த ஆக்குநர்கள் இதனை அறிந்தே படைத்துள்ளனர். 'விட்சர் 3' விளைவைக் காலந்தாழ்த்துகின்றது; திரும்புதல் வேண்டின் பல மணி நேர ஆட்டத்தை இழத்தல் வேண்டும். 'மாரோவிண்'டில் கதைக்கு இன்றியமையாத ஒருவரைக் கொன்றால், விளையாட்டு தடுப்பதில்லை. விதியின் இழை அறுந்துவிட்டது என்றும், பழைய நிலைக்குத் திரும்பலாம், அன்றேல் தான் ஆக்கிய கேடுற்ற உலகிலேயே தொடரலாம் என்றும் அறிவிக்கின்றது. 'டார்மென்ட்' சாவையே கதைப்பொருளாக்கி, மீண்டெழுதலுக்கு விலை வைத்தது. 'அண்டர்டேல்' இன்னும் ஒருபடி சென்றது. தன்னைப் பேணிய டோரியலைக் கொன்றுவிட்டு, மனம் வருந்திப் பின்சென்று அவளைக் காப்பாற்றி வரும் ஆடுநரை, ஃபிளவி என்னும் மலர்வடிவப் பாத்திரம் எதிர்கொண்டு, முன்னர்ச் செய்தது தனக்குத் தெரியும் என எள்ளுகின்றது. திரும்பிச் சென்று அழித்த செயலும் செய்த செயலே. இக்கருவியின் குறையையே கலையாக்கிய இடம் இது.

இரண்டு: ஆடுநரின் தெரிவு மெய்யான விடுதலையன்று, எல்லா வழிகளும் ஆக்குநர் முன்னரே எழுதியவை என்பது. ஆம், எழுதியவையே. எல்லையற்ற விடுதலையை எந்தக் கலையும் தருவதில்லை; பெரிய விளையாட்டு அதனைத் தருவதாக வாதிடவும் வேண்டுவதில்லை. குன்றின் ஆவியை விடுப்பதா, கொல்வதா என்னும் இரண்டு வழிகளே உள்ளன. அவ்விரண்டும் மனச்சான்றை உறுத்துவன என்பதே அதன் தகுதி. நூறு வழிகள் இருந்து நூறும் ஒன்றே போல் முடியுமாயின் அது பயனற்ற பெருக்கம்.

மூன்று: வெல்லத்தக்கது எதுவும் கலையாகாது என்பது. அமெரிக்கத் திரைப்பட விமரிசகர் ரோஜர் ஈபர்ட் 2010ஆம் ஆண்டில், காணொளி விளையாட்டு ஒருபோதும் கலையாகாது என எழுதினார். விதியும் குறிக்கோளும் வெற்றியும் உடையது விளையாட்டு என்பது அவர் காட்டிய காரணங்களுள் ஒன்று. எதிர்ப்புகள் பெருகவே, தம் கருத்தை முற்றும் கைவிடாராயினும், ஆடிப் பாராமல் அதனைச் சொல்லியிருத்தல் தகாது என அவ்வாண்டிலேயே ஒப்புக்கொண்டார். அந்நேர்மை பாராட்டுதற்குரியது. நம் கூட்டத்தில் வினவிய பேராசிரியரின் கருத்தும் இதுவே. அவர்க்கு விடை: பிணக்கிடங்கில் கண்விழித்த பெயரிலி இறுதியில் பெறுவது வெற்றியன்று, தன் செயல்களுக்குரிய தண்டனையை ஏற்கும் துணிவு. 'வென்றான், தோற்றான்' என்னும் இரு சொற்களுள் அது அடங்காது.

இவற்றொடு, ஏற்றுக்கொள்ள வேண்டிய குறைகளும் உள. வெளிவரும் இவ்வகை விளையாட்டுகளுள் பெரும்பாலானவை கொலையும் கொள்ளையுமாகவே முடிகின்றன. இளைஞரின் காலத்தை அளவின்றி உண்பனவும், பணம் கறக்கும் உத்திகளைக் கொண்டனவும் பல. பெண்களைக் காட்டும் முறையில் இழிவும் உண்டு. இவற்றை மறைத்தல் ஆய்வறமன்று. ஆயின் மலிவான நாவல்கள் மலிந்தமையால் நாவலாய்வை நாம் கைவிட்டோமில்லை. நல்லதையும் அல்லதையும் பிரித்துக்காட்டவே திறனாய்வு தோன்றியது. அத்திறனாய்வு இல்லாவிடத்து விளம்பரமே அளவுகோலாகும்.

6. தமிழ்த்துறைக்கு இதில் என்ன

மேலைப் பல்கலைக்கழகங்கள் இவ்வினாவைக் கடந்து நெடுங்காலமாயிற்று. எஸ்பன் ஆர்செத்தின் 'சைபர்டெக்ஸ்ட்', ஜேனட் மரேயின் 'ஹாம்லெட் ஆன் தி ஹோலோடெக்' ஆகிய இரு நூல்களும் 1997இல் வெளிவந்தன. 2001 முதல் 'கேம் ஸ்டடீஸ்' என்னும் ஆய்விதழ் வெளிவருகின்றது. 2011இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், நூல், நாடகம், திரைப்படம் ஆகியவற்றுக்கு உரிய கருத்துரிமைப் பாதுகாப்பு காணொளி விளையாட்டுக்கும் உண்டெனத் தீர்ப்பளித்தது. அவர் செய்தனர், ஆதலின் நாமும் செய்வோம் என்பது தக்க காரணமன்று. நாம் செய்யவேண்டியதற்கு வேறு காரணம் உண்டு.

மேலைத் திறனாய்வில் விளையாட்டைக் கதையாக நோக்குவதா, விதிகளின் அமைப்பாக நோக்குவதா என ஒரு வழக்கு நெடுநாள் நடந்தது. ஒருசாரார் கதையியல் கருவிகளை அப்படியே ஏற்றினர். மற்றொரு சாரார் அவை பொருந்தா என விலக்கினர். சொல்பவர் யார், கேட்பவர் யார், எக்களத்தில், எக்காலத்தில், எதனை எஞ்சவிட்டு என ஒரு கூற்றின் சூழலையே செய்யுளின் உறுப்பாக எண்ணிய இலக்கண மரபு நம்முடையது. கேட்போரே கூற்று நிகழ்த்துவோராகவும் மாறும் ஒரு கலைவடிவத்தை விளக்க இக்கருவிகள் எத்துணை உதவும் என்பதை நாம்தாம் சோதித்துக் கூறவேண்டும். பிறர் நமக்காகச் செய்யார்.

இதனினும் நெருக்கமான காரணம் ஒன்றும் உண்டு. நம் வகுப்பறையில் அமர்ந்திருக்கும் மாணவர் பலர், அறத்தின் இருதலைக்கொள்ளி நிலையை முதன்முதலாக உணர்ந்தது இவ்விளையாட்டுகளில் ஆதல் கூடும். அவர்கள் அதனை ஆங்கிலத்தில் உணர்ந்தனர். அதுபற்றித் தமிழில் பேச அவர்களுக்குச் சொற்கள் இல்லை. பரப்பு, வரைகலை, மணி நேரம் என்னும் சந்தைச் சொற்களையே நண்பர்கள் அன்று ஆறுதலாகக் கூறியதன் காரணம் இதுவே. உரிப்பொருள் என்னும் சொல்லை அவர்களுக்கு நாம் தந்திருந்தால், அவர்கள் டக்கோனைப் பற்றியன்றோ பேசியிருப்பர்? 2023இல் கனடாவில் ஆக்கப்பெற்ற 'வெண்பா' என்னும் சிறு விளையாட்டு, மிகுபுனைவன்று எனினும், புலம்பெயர்ந்த தமிழ்க் குடும்பத்தின் சமையற் குறிப்பேட்டைக் கொண்டே தாய்க்கும் மகனுக்கும் இடையிலான இடைவெளியைக் காட்டிற்று. தமிழர் வாழ்வு இவ்வடிவினுள் புகுந்துவிட்டது. அதனை மதிப்பிடும் தமிழ் இன்னும் புகவில்லை.

முடிவுரை

மிகுபுனைவுப் பாத்திர விளையாட்டின் சிறப்பு, முதலிலும் கருவிலும் இல்லை, உரியிலேயே உள்ளது என்பதும், அவ்வுரி ஆடுநரின் தெரிவும் அதன் பயனைச் சுமத்தலுமே என்பதும் எடுத்துக்காட்டுகளால் நிறுவப்பெற்றன. பார்வையற்ற வணிகரிடம் குறைத்துக் கொடுத்த காசு, மெய்யென்றும் பொய்யென்றும் இருவகையாய்ச் சொல்லத்தக்க ஒரே வாக்கு, குன்றினடியில் எடுத்த முடிவு ஆகிய மூன்றும், முப்பது ஆண்டு இடைவெளியில் வேறுபட்ட கருவிகளில் எழுந்தும், இவ்வொரு தன்மையால் ஒன்றுபடுகின்றன.

இவ்வகைத் தலைப்புடன் மாணவர் ஒருவர் மீண்டும் நம் குழுவின்முன் வருவார். அவர் ஆய்வுத்திட்டம் மெலிதாயின் மறுப்போம். தரவு போதாதாயின் திருப்பியனுப்புவோம். பொருளே இல்லை என்று மட்டும் ஆடிப் பாராமல் கூற வேண்டா. அன்று வாளா இருந்த இக்கட்டுரையாளன் அக்கூட்டத்தில் மீண்டும் வாளா இருக்கமாட்டான்.